கொட்டித் தீர்ப்பதா, நினைத்துக்கொள்வதா?

மன அழுத்தத்தில் இருக்கும் கல்லூரி மாணவரிடம் எல்லோரும் சொல்வது, "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசு." இது எல்லா ஊருக்கும் பொருந்துமா?

உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் ஹீஜங் கிம் உள்ளிட்ட சிலரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களுக்கு மனக்கணக்கு போன்ற பதற்றம் தரும் வேலைகள் கொடுக்கப்பட்டன. அதற்கு முன், சிலர் நெருங்கியவர்களிடம் ஆலோசனையும் ஆதரவும் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். வேறு சிலர், தாங்கள் நெருக்கமாக உணரும் ஒரு குழுவைப் பற்றி மட்டும் எழுதினார்கள். கஷ்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் எச்சிலில், மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோனான கார்டிசாலின் அளவைப் பார்த்தார்கள். ஐரோப்பிய வம்சாவளி மாணவர்களுக்கு உதவி கேட்டு எழுதியது ஆறுதல் தந்தது. ஆசிய வம்சாவளியினருக்கோ நேர்மாறு: கேட்டு எழுதியபோது அழுத்தம் கூடுதல், நெருக்கமானவர்களைச் சும்மா நினைத்தபோது குறைவு.

பாசம் குறைவு என்பதல்ல காரணம். நம் கவலையை அடுத்தவர் தலையில் ஏற்றுகிறோமே, மானம் போகுமே என்ற தயக்கம்தான். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, அரியர் விஷயத்தைச் சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்ற அம்மாவின் குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் ஒன்று. பரீட்சைப் பதற்றத்துக்கு அந்தக் குரல் போதும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் போதாது. அப்போது தயக்கத்தை ஒதுக்கிவிட்டு ஆலோசகரிடம் போவதுதான் சரி.