நாலாவது பிரஷர் மாத்திரை: ஸ்பைரனோலாக்டோனை வருடக்கணக்கில் சாப்பிடும்போது

அம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் மூன்றும் தாங்கும் அளவு வரை ஏற்றியாகிவிட்டது, மாத்திரையும் தவறுவதில்லை. ஆனாலும் வீட்டு மெஷினில் மேல் அளவு 150-லேயே நிற்கிறது. இந்தக் கட்டத்தில் நாலாவதாக எழுதப்படுவது பெரும்பாலும் ஸ்பைரனோலாக்டோன். ஆல்டாக்டோன் என்று கேட்டால் எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும். விலை பெரிய பாரமில்லை.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2015-ல் வெளிவந்த பிரிட்டனின் பாத்வே-2 ஆய்வில், மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு இதையும் பைசோப்ரலால், டாக்சசோசின், வெற்று மாத்திரை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேல் அளவு சுமார் 9 புள்ளி கூடுதலாக இறங்கியது. மற்ற இரண்டும் அந்த அளவுக்கு வரவில்லை. காரணம் ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி விடும் இந்த ஹார்மோன், சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்கிறது. அடங்காத பிரஷர் உள்ள பலரிடம் இதன் ஆதிக்கம் கூடுதல். மாத்திரை சுரப்பை நிறுத்துவதில்லை, ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நன்மை, தொல்லை இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன.

வழக்கமான தொடக்கம் 25 மி.கி., தினம் ஒரு வேளை. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கும் பாதி மாத்திரை, அதாவது 12.5. பிரஷருக்கு 50-க்கு மேல் போவது அரிது. உணவோடு சாப்பிட்டால் உடம்பில் சேர்வது கூடும். அதனால் சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா என்பதில் ஒரே வழக்கம் வேண்டும். காலை டிபனோடு என்று வைத்துக்கொள்வது வசதி. நாலு நாளில் இறங்கவில்லை என்று சலிக்க வேண்டாம், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

ஹார்மோனின் இடம் அடைபட்டால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். இந்த மாத்திரையின் வெற்றியும் தோல்வியும் அந்தப் பொட்டாசியத்தில் இருக்கிறது. தொடங்கும்போது பொட்டாசியம் 4.5-க்குள்ளும், சிறுநீரக வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்கு மேலும் இருந்தால் நிம்மதி. பிறகு ஒரு வாரத்தில் ஒரு டெஸ்ட், நாலாவது வாரத்தில் ஒன்று, அளவு மாற்றினால் மறுபடி அதே கணக்கு. நிலைத்த பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும். நடைமுறையில் நடப்பது என்ன? முதல் டெஸ்ட் எடுப்பார்கள், ‘நார்மல்’ என்று வரும், பிறகு பழைய சீட்டைக் காட்டியே வருடம் முழுக்க மாத்திரை வாங்குவார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் இதன் விலை என்னவென்று தெரிந்தது. இதயச் செயலிழப்புக்கு இந்த மருந்து உயிர் காக்கிறது என்று 1999-ல் ரேல்ஸ் ஆய்வு சொன்னதும் சீட்டுகள் மளமளவென ஏறின. அத்தகைய முதியவர்களில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-ல் 11 பேர்.

பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேசி அளவைப் பாதியாக்கி மறுபடி பார்ப்பது வழக்கம். 6-ஐத் தொட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஈ.சி.ஜி. உடம்பில் ஒன்றுமே தெரியாமல் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பதால் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பது இங்கே செல்லாது. அதே சமயம், நன்றாக இருந்த எண் திடீரென்று எகிறினால் மாதிரியையும் சந்தேகிக்கலாம். கையை இறுக்கக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி, ஊசியில் திணறி எடுத்த ரத்தத்தில் தசையிலிருந்து கசிந்தோ அணுக்கள் உடைந்தோ பொட்டாசியம் பொய்யாக ஏறும். ரத்தம் பிரிக்கப்படாமல் நேரம் கடந்தாலும் அப்படித்தான். ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ (அணுக்கள் உடைந்தது) என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே மறு மாதிரி.

பொட்டாசியத்தை ஏற்றிவிடும் கூட்டாளிகளில் முதல் குற்றவாளி மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள். அடுத்தது சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-ட்ரைமாக்சசோல். ‘லோ சோடியம்’ உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பாதியளவு வரைகூடப் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். பிரஷருக்கு நல்லது என்று அதை வாங்கி இந்த மாத்திரையோடு சேர்ப்பது ஆபத்து. இந்துப்பு வேறு கதை, அது பெரும்பாலும் சாதா உப்புதான், அதில் லாபமும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தினசரி இளநீர் வேண்டாம். வாந்தி, பேதி, சித்திரை வெயிலில் நீர் வற்றுதல் என்றால் அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைத்து, சரியாகிச் சாப்பிடத் தொடங்கிய பின் டாக்டரைக் கேட்டுத் தொடர்வது நல்லது.

ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்குவது உண்மையான குறை. ரேல்ஸில் பத்தில் ஒரு ஆணுக்கு மார்புத் தொந்தரவு வந்தது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. சொன்னால் அதே வகை மருந்தான எப்லெரனோனுக்கு மாற்றலாம். அது இந்தப் பக்கவிளைவை மிகக் குறைவாகத்தான் தரும். ஆனால் வீரியமும் குறைவு, விலையும் கூடுதல். பெண்களுக்கு மாதவிடாய் முன்பின்னாகலாம். கர்ப்பத்தில் கூடாது.

அடிக்கடி நழுவிப்போகும் ஒன்று: மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனும், அதன் சுரப்பைத் தூண்டிவிடும் சிறுநீரகப் பொருளான ரெனினும் பார்த்துவிடுவது. ரெனின் அடங்கி ஆல்டோஸ்டிரோன் உயர்ந்திருந்தால், 1955-ல் ஜெரோம் கான் விவரித்த நோயாக இருக்கலாம். ஒரு பக்க அட்ரினலில் கட்டி என்றால் அறுவை சிகிச்சையிலேயே பிரஷர் குணமாகலாம். மாத்திரை தொடங்கிய பிறகு பார்த்தால் ரெனின் ஏறி முடிவு குழம்பும், தெளிவாகப் பார்க்க நாலு வாரமாவது நிறுத்த வேண்டிவரும். அதிமதுரக் கசாயம் தொடர்ந்து குடிப்பவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும். அதிமதுரம் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும், ஆனால் ஆல்டோஸ்டிரோன் தாழ்ந்தே காட்டும்.

சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இப்போது அதே ஹார்மோன் இடத்தை அடைக்கும் ஃபினரினோன் இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தில் உண்டாக்கும் அழற்சியையும் தழும்பையும் தடுப்பதே அதன் நோக்கம். பிரஷர் அதில் கொஞ்சம்தான் இறங்கும், மார்புத் தொல்லை மிகக் குறைவு. பொட்டாசியம் டெஸ்ட் மட்டும் அதற்கும் உண்டு: தொடங்கி நாலாவது வாரத்தில் முதல் முறை.