கேபிளா, ஸ்ட்ரீமிங்கா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு டேற்றாக் கணக்கு

எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு, பைபர் (கண்ணாடி இழை) இணையத்தை எடுத்து, ரிவியில் ஒரு ஸ்டிக்கை, அதாவது இணையத்திலிருந்து படத்தை எடுத்துக் காட்டும் சின்னக் கருவியைச் செருகி, ஸ்ட்ரீமிங்கில் பார்க்கத் தொடங்கிவிட்டோம். அதற்குப் பிறகு கோயிலடியிலோ கலியாண வீட்டிலோ காணும் ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "மாதம் எவ்வளவு மிச்சம் வருது?" இதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. மிச்சம் வருமா, கையிலிருந்து போகுமா என்பது உங்கள் வீட்டு ரிவி நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நான் ஸ்ட்ரீமிங் பக்கம் நிற்கிற ஆள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சில வீடுகளுக்குக் கேபிள்தான் சரி. எந்த வீடுகளுக்கு என்பதும் கீழே வரும்.

தெரிவுகள் தெரிந்தவைதான். கம்பத்துக்குக் கம்பம் இழுத்து வரும் உள்ளூர்க் கேபிள், கூரையில் டிஷ் பூட்டும் டயலொக் ரிவி, எஸ்.எல்.ரி. இணைப்போடு வரும் பியோ ரிவி, கடைசியாக இணையமும் ஸ்டிக்கும். டிஷ் பெருமழைக்கு மங்கும், ஆனால் வயர் எட்டாத ஒழுங்கைகளுக்கு அதைவிட்டால் வேறு வழி குறைவு. பியோ ரிவியைப் பெட்டியூடாகப் பார்க்கும்போது உங்கள் இணைய டேற்றாவில் கழியாது, சனல்களும் நம்பரோடு வரும். பைபர் வீட்டுக்கு வந்த பிறகும் சனல் ரிவியை விட மனமில்லாதவர்கள் அதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நான் விரித்து எழுதப்போவது கேபிளுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை.

அந்த வித்தியாசத்தின் நடுத்தண்டு டேற்றா. கேபிளில் ஒரு மணித்தியாலம் பார்த்தாலும் பதினைந்து மணித்தியாலம் பார்த்தாலும் மாதக் காசு ஒன்றுதான். விடியப்புறம் பக்திப் பாட்டோடு ரிவியைப் போட்டு, சமையலுக்கு நடுவில் நாடகம், பின்னேரம் செய்தி, இரவு திரும்பவும் நாடகம் என்று, முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடுகிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. ஆளில்லாத வீட்டில் ஒரு குரல் கேட்பதே சிலருக்கு ஆறுதல். அது குற்றமில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் அந்த ஒவ்வொரு நிமிடமும் டேற்றா கழிகிறது.

நெற்ஃபிளிக்ஸ் தானே வெளியிட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். நடுத்தரப் படத்தரத்தில் மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபி. எச்டியில் 3 ஜிபி வரை. 4கே என்றால் 7 ஜிபி வரை. நாளைக்கு 4 மணித்தியாலம் பார்க்கிற வீட்டுக்கு, 30 நாளில் நடுத்தரத்தில் 84 ஜிபி போதும். அதே வீடு எச்டியில் பார்த்தால் 360 ஜிபி வரை போகும். 4கே ரிவி வாங்கிவிட்டோமே என்று அதிலேயே பார்த்தால் 840. ரிவி 12 மணித்தியாலம் ஓடுகிற வீட்டில் நடுத்தரத்தில் வைத்தாலே 252 ஜிபி, எச்டியில் 1,080. அதற்குமேல் பிள்ளைகளின் போனும் படிப்பும் வெளிநாட்டுச் சொந்தத்தோடு வீடியோவில் கதைப்பதும் இருக்கின்றன. யூரியூப்பின் கணக்கு கொஞ்சம் வேறு, ஆனால் படத்தரம் ஏற ஏற டேற்றா இழுப்பது அங்கும் அப்படித்தான்.

பக்கேஜ் எடுக்கும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜிபியை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். சில பக்கேஜ்களில் அதில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க வேண்டியது. நாடகம் பார்க்கிற நேரத்துக்கு மிஞ்சுவது அதில் ஒரு துண்டுதான். ஆகவே "பகலில் எவ்வளவு? எந்த நேரமும் பாவிக்கக்கூடியது எவ்வளவு?" என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவு முடிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பிறகு படம் நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும், மேலதிக டேற்றா வாங்கத் தோன்றும். கேபிளை விட்டதால் மிச்சம் பிடித்த காசு போகிற வழி இதுதான். விலையோடு வரியையும் கூட்டுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டும் 18 வீதம்.

இந்தச் செலவைக் கட்டுக்குள் வைக்கலாம். நெற்ஃபிளிக்ஸ் கணக்கை போனிலோ கணினியிலோ இணையப் பக்கத்தில் திறந்து, உங்கள் புரொஃபைலின் பிளேபாக் பகுதிக்குப் போய் டேற்றாப் பாவனையை மீடியத்தில் வையுங்கள். இதை அந்தப் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும், ரிவியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். யூரியூப்பில் 480 தரம் 32 அங்குல ரிவிக்குத் தாராளம், ஆளின் முகமும் எழுத்தும் வடிவாகத் தெரியும். தானாக அடுத்த வீடியோவுக்குத் தாவுவதை நிறுத்திவிடுங்கள். முக்கியமானது இன்னொன்று: ரிமோட்டால் ரிவியை மட்டும் அணைத்தால் ஸ்டிக்கும் நிற்கும் என்றில்லை. திரை கறுப்பாக இருக்கும், உள்ளே யூரியூப் விடியவிடிய ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஹோம் பட்டனை அமத்தி வெளியே வந்து, பிறகு அணைக்கிற பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வரவேண்டும். எங்கள் வீட்டில் இது ஒன்று பழகிய பிறகே மாதக் கடைசியில் டேற்றா மிஞ்சத் தொடங்கியது.

4ஜி ரவுட்டரில் ஸ்ட்ரீமிங் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஆனால் கேபிளுக்கு மாற்றாக அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன். பின்னேரம் எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் ரவரில் நெரிசல் கூடும். நல்லூரில் கொடியேறிவிட்டால் 25 நாளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு சனம், எத்தனை போன் என்று எண்ணிப் பாருங்கள். பைபர் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் மட்டும் கேபிளை வெட்டுவது பற்றி யோசியுங்கள்.

பைபரை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பராமரிப்பும் காரணம். கேபிள் வயரில் சிக்னல் தூரம் போகப் போகத் தேயும், ஆகவே இடையிடையே அம்பிளிபையர் வைத்திருப்பார்கள். அவை கறண்டில் ஓடுகிறவை. அடுத்த ஒழுங்கையில் மின்சாரம் போனால், உங்கள் வீட்டில் கறண்ட் இருந்தாலும் படம் நின்றுவிடும். மழைக்குப் பொருத்துகளில் தண்ணி இறங்கி, ஒரு சனல் தெளிவு, அடுத்தது புள்ளி புள்ளி என்று வரும். கேபிள்காரத் தம்பி ஏணியோடு வந்து வெட்டி, திரும்பப் பொருத்திவிட்டுப் போனால் அடுத்த மழை வரைக்கும் காணும். பைபரில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கறண்ட் தேவைப்படும் சாமான் கிடையாது, வெளிச்சத்தைப் பிரித்துவிடும் கண்ணாடிப் பிரிப்பான்கள் மட்டும்தான். எனவே வீட்டில் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வைத்தால், கறண்ட் போன நேரத்திலும் இணையம் பெரும்பாலும் நிற்காது. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கறண்டை நிறுத்திய காலத்தை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும்.

இன்னொன்று இடி. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்தில் இறங்கும் இடிமின்னலுக்குக் கேபிள் வயர் நல்ல பாதை. செப்பு வயர் நேராக ரிவியின் பின்பக்கத்துக்குப் போகிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனாலும் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தான் இருக்கிறது, இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுவதை விடக்கூடாது.

அடுத்தது என்ன பெட்டி வாங்குவது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பெயர் தெரியாத அண்ட்ரொயிட் பெட்டிகள் வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, நெற்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள், படத்தைக் களவாகப் பிரதி எடுக்காமல் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டின் மேல்மட்ட அனுமதி இல்லாத பெட்டிக்கு 480க்கு மேல் படத்தரம் கொடுப்பதில்லை. பெட்டியின் மேல் 8கே என்று அச்சடித்திருந்தாலும் அதுதான் நிலை. மற்றது பாதுகாப்பு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பாட்பொக்ஸ் 2.0 என்ற தீநிரல் இப்படியான பெட்டிகளில் கடைக்கு வரும்போதே ஏற்றப்பட்டு வருவதாக எச்சரித்தது. அந்தப் பெட்டி இருக்கிற அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கிறது. கூகிள் ரிவி அனுமதி பெற்ற ஷவோமி ஸ்டிக், அல்லது அமேசன் ஃபயர் ஸ்டிக், இரண்டில் எது என்றாலும் சரி. ரிவியின் யூஎஸ்பி துளையில் கறண்ட் எடுக்காமல் அதனுடைய அடப்டரிலேயே கொடுங்கள், இடைக்கிடை தானாக அணைந்து எழும்புகிற கரைச்சல் இராது. ஸ்மார்ட் ரிவி உள்ளவர்களுக்கும் கொஞ்சக் காலத்தில் ஸ்டிக் தேவைப்படலாம். ரிவியின் உள்நிரலுக்குப் புதுப்பித்தல் வருவது நின்றால் செயலிகள் ஒவ்வொன்றாக வேலைசெய்யாமல் போகும், திரை மட்டும் நன்றாக இருக்கும்.

வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் உலகத்திலுள்ள சனல் எல்லாம் வரும் என்று விற்கிற ஐபிரிவி சந்தாக்களை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. உரிமையில்லாமல் திருப்பி அனுப்புகிறவை அவை, ஒருநாள் நின்றால் காசைக் கேட்க ஆளிருக்காது.

சந்தாவில் டொலர் ஒரு சிக்கல். கேபிள் காசு ரூபாயில் கட்டுகிறோம். வெளிநாட்டுச் சேவைகள் பல அட்டையில் டொலராகத்தான் எடுக்கும். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. அந்த மாதிரி இன்னொரு ஏற்றம் வந்தால் உங்கள் சந்தாவும் சேர்ந்து ஏறும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு சந்தா போதும். இரண்டு மாதம் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு மற்றதை எடுக்கலாம். கனடாவிலும் லண்டனிலும் உள்ள மச்சான்மாரின் கணக்கில் பார்க்கலாம் என்ற நினைப்பும் இப்போது சரிவராது. 2023இல் நெற்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று இறுக்கிவிட்டது, மேலதிக ஆளைச் சேர்ப்பதென்றாலும் கணக்குக்காரர் இருக்கிற அதே நாட்டில் இருக்க வேண்டும். இந்தியச் செயலிகளில் சில இலங்கை இணைப்பில் திறப்பதும் இல்லை. காசு கட்டமுன் திறந்து, நீங்கள் பார்க்கிற நாடகம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேபிள் வெல்கிற இடமும் இதுதான். சன், விஜய், சீ தமிழ் நாடகங்களை அன்றன்றைக்கு, அந்த நேரத்துக்கே பார்க்க வேண்டும் என்கிறவருக்குக் கேபிளை விட லேசான வழி இல்லை. எங்கள் மாமி அப்படித்தான். "எனக்கு ஒரு நம்பரை அமத்தினா அது வரோணும் தம்பி, படம் படமா வந்து நிக்கிறதுக்குள்ள நான் எங்க தேடுறது?" என்றார். அவர் சொல்வது நியாயம். அவர் வீட்டில் கேபிளை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு அப்படி இல்லை. ரிமோட்டின் மைக்கில் தமிழில் பெயரைச் சொன்னால் யூரியூப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. கோயில் திருவிழா நேரலைகளை யூரியூப்பிலேயே பார்க்கிறார், விட்டுப்போன பூசையைப் பின்னால் தள்ளிப் பார்ப்பதும் அவருக்குப் பிடித்துவிட்டது. சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற சனல்களுக்கு ஒரு சாதாரண அன்ரெனா போதும். தூர்தர்ஷனுக்காக கூரைக்கு மேல் உயரக் குழாய் நட்டு அன்ரெனா கட்டிய ஊர் இது, அந்தக் குழாய் இன்னும் நிற்கிற வீடுகளில் அதைப் பாவித்துப் பாருங்கள். இணையம் நின்ற நாளில் செய்தி பார்க்க அது இருந்தால் நல்லது.

கிரிக்கெட்டைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு, எங்கள் வீட்டில் தொடராகப் பார்க்கிற ஆள் இல்லை. கண்டது ஒன்று: ஸ்ட்ரீமிங்கில் நேரலை பிந்தி வரும். பக்கத்து வீட்டில் கேபிளில் பார்க்கிற அண்ணை "அவுட்" என்று கத்திவிடுவார், எங்கள் திரையில் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடி வருவார். இது தாங்காது என்கிறவர்கள் கேபிளிலோ டிஷ்ஷிலோ இருப்பது நல்லது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கையும் நான் பாவித்ததில்லை. பைபர் எட்டாத தீவுப்பகுதிக்கு அது உதவலாம், ஆனால் விலையைப் பார்த்தால் ரிவிக்காக மட்டும் எடுக்கிற சாமான் அல்ல.

மாறுவதென்று முடிவெடுத்தால் கேபிளை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். இணைய நிறுவனத்தின் செயலியில் பாவித்த டேற்றா தெரியும், அதை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் படத்தரத்தைக் குறையுங்கள். குறைத்த பிறகும் போதவில்லை என்றால் உங்கள் வீடு கேபிள் வீடு. போதுமென்றால் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதைக் கேட்டு வாங்கி, பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயரை ரிவியிலிருந்து கழற்றிச் சுவரோரம் சுருட்டிவைத்தால் காணாது. இடிக்கு அது இன்னும் வீட்டுக்குள் வரும் பாதைதான். கம்பத்திலிருந்தே வெட்டி எடுத்துத் தரச்சொல்லிக் கேளுங்கள், மாரி தொடங்க முன்னம்.