காட்டியது ஒரு டயர், மாட்டியது வேறு டயர்

சிங்கப்பூரில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு, முக்கியமாக இனிமேல்தான் டியூப்லெஸ் டயருக்கு, அதாவது உள்ளே டியூப் இல்லாமல் தானே காற்றைப் பிடித்து வைக்கும் டயருக்கு, மாறப்போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விவகாரம் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. ஆனால் என்னிடம் காட்டிய கைவரிசையை எந்தக் கடையும் காட்ட முடியும் என்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

நான் கேட்டதில் குழப்பம் எதுவும் இல்லை. 29 அங்குலச் சக்கரம், 2.5 அங்குல அகலம், இரட்டை உறை (ரப்பருக்கு அடியில் துணி இரண்டு அடுக்கு), டியூப்லெஸ். எங்கே ஓட்டப் போகிறேன் என்பதையும் சொன்னேன்: புலாவ் உபின் தீவில், கேத்தாம் சைக்கிள் பூங்காவின் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான பாதைகளில். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு அது; இறக்கத்தில் துருத்தி நிற்கும் பாறைகளுக்கு இன்னும் முனை மழுங்கவில்லை. மெல்லிய உறை கொண்ட டயர் அங்கே கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிக் கிழிந்துபோகும். கடைக்காரர் தலையாட்டிக் கேட்டார், மாட்டியிருந்த வரிசையிலிருந்து ஒரு டயரை எடுத்து நீட்டினார். பக்கச்சுவரை அமுக்கிப் பார்த்தேன், நல்ல விறைப்பு. ஒன்று 120 வெள்ளி. ரிம்மின் துளைகளை மூடும் டேப், வால்வு, உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவமான சீலன்ட், கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். "சைக்கிளை விட்டுவிட்டுப் போங்கள் அண்ணே, சாயங்காலம் தயாராக இருக்கும்" என்றான் பட்டறைப் பையன். பட்டறை பின்கட்டில் இருக்கிறது. முன்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

ரசீதில் "டயர் 2, டியூப்லெஸ் வேலை" என்று மட்டும் இருந்தது. டயரோடு வரும் அட்டையைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள்.

முதலில் காட்டிக்கொடுத்தது காற்றுதான். இரவில் 26 பிஎஸ்ஐ வைத்தால் காலையில் பாதிகூட இருக்காது. புதிதில் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சீலன்ட் பரவி அடைத்துவிடும் என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. புது டயரின் பக்கச்சுவரில் தொடக்கத்தில் ஈரம் கசிவது உண்டு. ஆனால் என் பின்சக்கரத்தில் ஆரக்கால்கள் ரிம்முக்குள் நுழையும் இடங்களில் வெள்ளையாகச் சொட்டு நின்றது. அங்கே சீலன்ட் எட்டிப் பார்க்கிறது என்றால் உள்ளே டேப் சரியில்லை என்று அர்த்தம். திரும்பக் கொண்டுபோனபோது காற்றை ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கேத்தாமில் ஒரு பாறைத் திட்டிலிருந்து இறங்கி இடப்பக்கம் சாய்த்துத் திருப்பும்போது பின்டயர் "புஸ்" என்று ஒருமுறை காற்றைக் கக்கியது. அடுத்த கல்லில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டே கழன்றுவிட்டது. முழங்கையும் இடுப்பும் சிராய்ந்தன. ரிம்மின் ஓரம் உள்வாங்கிவிட்டது. படகுத்துறை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். சீலன்ட் முள் குத்திய துளையை அடைக்கும், விளிம்பு கழன்றால் அதனால் ஒன்றும் ஆகாது.

வீட்டில் டயரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. இந்த அளவு டயருக்கு 100 மில்லிக்குக் குறையாமல் ஊற்ற வேண்டிய சீலன்ட் ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை. என் ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீட்டர். டேப் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டராவது கூடுதலாக இருந்து சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்க வேண்டும். இவர்கள் ஒட்டியிருந்தது 25. சிறுவனுக்குத் தைத்த சட்டையைப் பெரியவருக்கு மாட்டியதுபோல இரு பக்கமும் அலுமினியம் தெரிந்தது. ஒரு ஆரக்கால் துளையின் ஓரம் திறந்தே கிடந்தது.

டயர்தான் உச்சம். பெயர் நான் கேட்ட அதே பெயர். மேல்புறக் கட்டைகளின் வடிவமும் அச்சு அசல் அதேதான். பக்கச்சுவரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டியூப்லெஸ் என்பதற்கான எழுத்து எங்கும் இல்லை. இரட்டை உறைக்கான குறியும் இல்லை. தராசில் வைத்தேன், இந்த அளவில் இரட்டை உறை டயர் ஏறத்தாழ 1,200 கிராம் வரும், இது ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. புதுச் சைக்கிளோடு வரும் மலிவு ரகத்தைக் கழற்றி எனக்கு மாட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இந்த ஏமாற்று வேலை எளிதாக நடப்பதற்குக் காரணம் டயர்களுக்குப் பெயர் வைக்கும் முறை. ஒரே பெயரில் பல டயர்கள் வருகின்றன. மேக்சிஸ் நிறுவனத்தின் மினியன் டிஹெச்எஃப் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸோ' என்றால் ஒற்றை உறையோடு பக்கச்சுவருக்கு ஒரு காப்பு. 'டபுள் டவுன்' என்றால் 120 டிபிஐ (அங்குலத்துக்கு 120 இழை) துணி இரண்டு அடுக்கு. 'டிஹெச்' என்றால் அதைவிடத் தடிப்பு. ரப்பரிலும் 'டூயல்', 'மேக்ஸ்டெர்ரா', 'மேக்ஸ்கிரிப்' என்று ரகங்கள். கடைசியில் சொன்னது மிக மென்மையானது, ஈரக் கல்லில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 'டிஆர்' என்ற இரண்டு எழுத்து இருந்தால்தான் டியூப்லெஸ். ஷ்வால்பே நிறுவனத்தின் டயர்களில் அந்தக் குறி 'டிஎல்ஈ' அல்லது 'டிஎல்ஆர்'. அவர்கள் 2020இல் உறைகளுக்கு 'சூப்பர் டிரெயில்', 'சூப்பர் கிரவுண்ட்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். அதே மாடலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற மலிவு வரிசையும் 'எவல்யூஷன்' என்ற உயர்ந்த வரிசையும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே டயர்தான். விலை மட்டும் பாதிக்குப் பாதி மாறும்.

ஆகவே ரசீதில் உறை, ரப்பர், டியூப்லெஸ் குறி மூன்றையும் எழுதி வாங்குங்கள். 63-622 என்பதுபோல் பக்கச்சுவரில் இருக்கும் அளவு எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். அட்டையைக் கையில் வாங்கிய பிறகே சைக்கிளை விடுங்கள். திரும்ப எடுக்கும்போது டயரின் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைச் சக்கரம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். என் சக்கரத்தில் வால்வுக்குப் பக்கத்தில் அது உள்ளே மூழ்கிக் கிடந்தது.

இனி கடைக்காரரின் பதில். காற்றை மிகக் குறைத்து ஓட்டியிருக்கிறேனாம். 78 கிலோ ஆளுக்குப் பின்சக்கரத்தில் 26 பிஎஸ்ஐ குறைவு என்று சொல்கிறவர் டயர் விற்கவே கூடாது. அடுத்தது, ஓட்டிய டயரைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அந்தப் பலகைக்குப் பயப்படாதீர்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், நடைமுறையில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பேசியது ஒன்று கொடுத்தது ஒன்று என்றாலும் இது பொருந்தும்.

பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழியாகக் கடிதம் போனதும் குரல் இறங்கியது. இரண்டு டயருக்கும் உரிய பணம் வந்துவிட்டது. கூலியையும் ரிம்முக்கான செலவையும் தர மறுக்கிறார்கள். அதற்காகத்தான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் வைக்க இடமில்லை, எனவே அந்தச் செலவும் இல்லை. கழற்றிய டேப், தராசில் டயர், சொட்டு நின்ற ஆரக்கால் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்ததும் இதே பதிவின் கீழ் எழுதுகிறேன். இதே அனுபவம் வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் ரசீதோடு எனக்குத் தனியாக எழுதுங்கள்.