வடமா, பதிவேடா, பட்டன் போனா? சிறு நாடு எதில் தொடங்குவது

நாடு சின்னது, கஜானாவும் சின்னது, தகவல் சமூகமாக, அதாவது அரசு வேலையும் அன்றாட வேலையும் கணினி, இணையம் வழியே நடக்கும் நாடாக வேண்டும் என்ற ஆசை மட்டும் பெரியது. இருக்கிற காசை முதலில் எதில் போடுவது? ஆப்பிரிக்காவின் ருவாண்டா வடத்தில், அதாவது இணைய கேபிளில் போட்டது. ஐரோப்பாவின் எஸ்டோனியா பதிவேட்டில், அதாவது அரசு தன் மக்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல் தொகுப்பில் போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, அவசரம் வந்தபோது, மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த பட்டன் போனைப் பிடித்துக்கொண்டது.

ருவாண்டாவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காபி, தேயிலையை நம்பியிருந்த, கடல் இல்லாத நாடு. 2000-இல் 'விஷன் 2020' என்று ஒரு திட்டம் போட்டு, அடுத்த பத்தாண்டில் 30 மாவட்டங்களுக்கும் ஃபைபர் வடம் இழுத்தார்கள். அசாத்திய வேலைதான். அப்புறம் 2013-இல், கொரிய நிறுவனம் ஒன்றோடு கூட்டு சேர்ந்து, 4ஜி மொத்த விற்பனை உரிமையை ஒரே கம்பெனிக்குக் கொடுத்தார்கள்; மற்ற போன் நிறுவனங்கள் அதனிடம் வாங்கித்தான் மக்களுக்கு விற்க முடியும். அலைவரிசை ஊரெல்லாம் எட்டியது, ஆனால் பெரும்பாலானோர் பழைய 2ஜி, 3ஜியிலேயே இருந்தார்கள். ஸ்மார்ட்போன் வாங்கக் காசு வேண்டுமே! 2023-இல்தான் மற்ற நிறுவனங்களுக்கும் 4ஜி கதவு திறந்தது. பத்து வருடம் ஒரு சின்ன நாட்டுக்குப் பெரிய நஷ்டம்.

எஸ்டோனியா ஏழை நாடா என்று கேட்பீர்கள். இன்று இல்லை. 1991-இல் சோவியத்திலிருந்து பிரிந்தபோது நிலைமை வேறு. பின்லாந்து தன் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை இலவசமாகத் தர முன்வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என ஒரு கதை உண்டு. 1996-இல் 'புலிப் பாய்ச்சல்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினி போனது. ஆனால் என் கணக்கில் விஷயமே 2001, 2002-இல் நடந்ததுதான்: ஒவ்வொரு துறையின் பதிவேடும் அதனதன் இடத்தில் இருக்க, தேவையானதை மட்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கேட்டு வாங்கும் 'எக்ஸ்-ரோடு', அதற்குச் சாவியாக அடையாள அட்டை. கூடவே ஒரு விதி: ஒருமுறை கொடுத்த தகவலை அரசு மறுபடி கேட்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மருத்துவக் குறிப்பை எந்த டாக்டர் எப்போது திறந்து பார்த்தார் என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். தேவையில்லாமல் எட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வார். மக்கள் நம்பிப் பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம் என்பேன்.

எல்லாம் சுமுகமாகப் போனதா? இல்லை. 2007-இல் இணையத் தாக்குதலில் வங்கிகளும் அரசுத் தளங்களும் திணறின. 2017-இல் அட்டையின் சிப்பிலேயே ஓட்டை இருப்பது தெரிந்து, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சிக்கலில் மாட்டின. மொத்த மக்கள்தொகையே 13 லட்சம் சொச்சம்! அட்டை வேலை செய்யாவிட்டால் அரசாங்கமே வேலை செய்யாது என்கிற நிலை. அதே ஆண்டில் பதிவேடுகளின் நகலை லக்சம்பர்க்கில் ஒரு 'தரவுத் தூதரகத்தில்' (வெளிநாட்டில் இருந்தாலும் எஸ்டோனியாவின் கட்டுப்பாட்டில் உள்ள கணினி மையத்தில்) வைக்க ஒப்பந்தம் போட்டார்கள்.

டோகோவுக்கு இவ்வளவு நிதானம் கிடைக்கவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. அன்றாடங்காய்ச்சிகளுக்கு உடனே பணம் சேர வேண்டும். பத்து நாள் அளவில் 'நோவிசி' என்ற உதவித்தொகைத் திட்டம் தயாரானது. சாதாரண போனில் ஸ்டார் 855 ஹாஷ் அழுத்தி, வாக்காளர் அட்டை எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம். தகுதி இருந்தால் உதவி மொபைல் பணமாக, போன் எண்ணோடு சேர்ந்த கணக்குக்கே வந்துவிட்டது. தலைநகர் லோமேயில் ஆண்களுக்கு மாதம் 10,500 ஃபிராங்க், பெண்களுக்கு 12,250.

போன்தான் சாதித்தது என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த பிப்ரவரியில்தான் அங்கே அதிபர் தேர்தல் முடிந்திருந்தது. வாக்காளர் பட்டியல் புத்தம் புதிது, அதில் ஒருவரின் தொழிலும் இருப்பிடமும் இருந்தன. யார் தையல்காரர், யார் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர் என்று அரசுக்குத் தெரிந்தது அதனால்தான். அதாவது டோகோவும் பதிவேட்டில்தான் நின்றது. வாசல் மட்டும்தான் போன்.

ஆக, என்னைக் கேட்டால் முதல் காசு பதிவேட்டுக்கும், அதை யார் பார்க்கலாம் என்ற சட்டத்துக்கும். சேவை போய்ச்சேர பட்டன் போனே போதும். வடத்தைக் கடனுக்கும் வாங்கலாம், நல்ல பதிவேட்டை எந்த நாடும் விற்காது. ஒரு விதிவிலக்கு, தீவு நாடுகள்: 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து ஒற்றைக் கடலடி வடம் அறுந்தபின் டோங்காவின் முக்கியத் தீவு சுமார் ஐந்து வாரம் தவித்தது. அங்கே இரண்டாவது வழிக்குத்தான் முதல் காசு.

பதிவேட்டிலும் ஓட்டை இருக்கும். கிராமங்களில் மிக ஏழைகள் யார் என்று வாக்காளர் பட்டியல் சொல்லவில்லை. அதற்காக டோகோ 2020 கடைசியில் செயற்கைக்கோள் படங்களையும் போன் பயன்பாட்டுத் தரவையும் வைத்து வறுமையைக் கணித்தது. சிம் கார்டே இல்லாதவர் அந்தக் கணக்கிலும் வரமாட்டார்.