"மூணு நாள் ஃபாரஸ்ட் ரிசார்ட் ஃப்ரீ" என்று போன் வந்தால் போகாதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. பள்ளி லீவு நெருங்கும்போது, "சார், லக்கி டிராவுல உங்க நம்பர் செலக்ட் ஆயிருக்கு, ஃபேமிலியோட மூணு நாள் ஃபாரஸ்ட் ரிசார்ட் ஃப்ரீ, வந்து வவுச்சரை வாங்கிக்குங்க" என்று அழைப்பு வரும். அந்த வவுச்சரைக் காட்டி லட்சக்கணக்கில் மெம்பர்ஷிப்பை, அதாவது வருஷத்துக்கு இத்தனை இரவு ரிசார்ட்டில் தங்கலாம் என்ற சந்தாவை, தலையில் கட்டுவதுதான் இந்தத் தொழில். ஹோட்டல் ஹாலில் நடந்த இப்படியொரு கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறவர்களின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்த பிறகு எழுதுகிறோம்.

நம்பர் கிடைப்பது துணிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் பொருட்காட்சி வாசலிலும் நிரப்பிப் போட்ட கூப்பனிலிருந்து. அதில் கேட்டிருப்பதைப் பாருங்கள்: கல்யாணம் ஆனவரா, மாத வருமானம் எவ்வளவு, கிரெடிட் கார்டு இருக்கிறதா. பரிசு கொடுக்க இதெல்லாம் எதற்கு? போனில் இன்னொரு நிபந்தனையும் போடுவார்கள்: கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே வர வேண்டும். தனியாகப் போனவர் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடலாம். இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும்.

இருபது நிமிஷம் என்பார்கள், இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும். இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாத அளவுக்குப் பாட்டுச் சத்தம். எதிரில் உட்காரும் பையன் ஒரு வெள்ளைத்தாளில் "வருஷத்துக்கு டூருக்கு எவ்வளவு செலவு பண்றீங்க?" என்று கேட்டு எழுதி, விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பத்து வருஷத்துக்குப் பெருக்கி, வரும் பெரிய தொகையை வட்டம் போடுவான். அதற்குக் கீழே மெம்பர்ஷிப் விலை மூன்றரை லட்சம். வேண்டாம் என்றால் மேனேஜர் வருவார், இரண்டரை ஆகும். எழுந்தால் ஒன்றே முக்கால், "இன்னைக்கு மட்டும்". நடுவில் பக்கத்து மேசைக்காரர் சேர்ந்துவிட்டார் என்று மைக்கில் சொல்லிக் கைதட்டுவார்கள். பிள்ளைகள் பசியில் சிணுங்கும் நேரத்தில்தான் கார்டைக் கேட்பார்கள். முதலில் இருபதாயிரம் மட்டும் என்று தேய்த்து, மீதியை ஓ.டி.பி. வாங்கி ஈ.எம்.ஐ. ஆக்கிவிடுவார்கள். வாயால் சொன்ன சலுகையெல்லாம் எழுதியிருக்கும் அந்த வெள்ளைத்தாளைக் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்கள். கையில் வருவது பொடி எழுத்து ஒப்பந்தம் மட்டும்.

அதில் இருப்பது வேறு. "எப்ப வேணும்னாலும் போகலாம்" என்றது, "அறை இருந்தால் மட்டும்" என்று மாறியிருக்கும். ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் வாரம் எல்லாம் பீக் சீசன். குறைந்த விலையில் சேர்ந்த மெம்பருக்கு அந்த நாள்களில் அறை இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த நாள்களை விட்டால் வேறு எது லீவு? வருஷா வருஷம் ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்புக் கட்டணம்) கட்ட வேண்டும், போனாலும் போகாவிட்டாலும். அதை ஏற்றும் உரிமை கம்பெனிக்கு. பல ரிசார்ட்டுகளில் சாப்பாடு கட்டாயம், தலைக்கு இவ்வளவு என்று. கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது என்ற வரி கடைசிப் பக்கத்தில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரூ.1,80,000-க்குப் பத்து வருஷம், வருஷத்துக்கு 6 இரவு. வருஷப் பங்கு ரூ.18,000. ஏ.எம்.சி. ரூ.9,000, அதற்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.10,620. ஆக வருஷம் ரூ.28,620, ஒரு இரவுக்கு ரூ.4,770. ஆறு இரவையும் விடாமல் அனுபவித்தால்தான் இந்த விலை. மூன்று இரவுதான் கிடைத்தது என்றால் ரூ.9,540. இரண்டு வருஷ கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யில் 15% வட்டி என்றால் வட்டி மட்டும் கிட்டத்தட்ட ரூ.29,500, அந்த வட்டிக்கும் 18% ஜி.எஸ்.டி. சாப்பாடு தனி.

அந்த "ஃப்ரீ" வவுச்சரும் அப்படித்தான். பதிவுக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று முன்பணம் கேட்பார்கள், மூன்று தேதி கொடுக்கச் சொல்லி மூன்றிலும் அறை இல்லை என்பார்கள், வவுச்சர் காலாவதியாகிவிடும்.

காட்டுக்குள் இரண்டு நாள் இருக்க இதெல்லாம் தேவையே இல்லை. ஏலகிரி நமக்குப் பக்கம். செவ்வாய், புதன், வியாழனில் போனால் வாரக்கடைசி வாடகையைவிடக் குறைத்தே பேசலாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடும் அங்கே இருக்கிறது. ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் கார் வாடகை மிச்சம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், காவலூர் பக்கம் இன்னும் அமைதி. ஜலகம்பாறையிலும் பீமன் அருவியிலும் தண்ணீர் வேண்டுமென்றால் மழைக்காலம் முடியும் தறுவாயில் போங்கள். மே மாதத்தில் "அருவிக்குப் பக்கத்து ரிசார்ட்" என்று கூடுதல் வாடகை கொடுப்பது வீண். அறை வாடகை ஒரு நாளுக்கு ரூ.7,500 வரை என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5% தான். பழைய 12% போட்டால் கேளுங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கவும் கூடாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ரத்து செய்யும் கால அவகாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிலர் சில நாள் தருவார்கள். ரத்து செய்கிறேன் என்று மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுதி அனுப்பி ரசீதை வையுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் டிஸ்ப்யூட் (அந்தத் தொகையை ஏற்கவில்லை என்ற ஆட்சேபம்) எழுதிக் கொடுங்கள். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், வாய்மொழிச் சலுகைக்கு அதுதான் சாட்சி. அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நீங்கள் கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். "வழக்கு பெங்களூரில்தான்", "ஆர்பிட்ரேஷன்தான்" (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும்) என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டி மிரட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.