டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் 6 எபிசோட் முடித்த அனுபவம்

போன வருடம் தை மாதம் தொடங்கிய எங்கள் வெப் சீரிஸ் வேலை ஆடியில்தான் முடிந்தது. மொத்தம் 6 எபிசோட், ஒவ்வொன்றும் 15, 16 நிமிடம், மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் நாலு பேருடைய கதை. எடிட்டிங், கலர், சவுண்ட், டிரைலர் எல்லாவற்றையும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே முடித்து யூடியூபில் ஏற்றினோம். அன்றிலிருந்து குறும்படம் எடுக்கிற தம்பிகள் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, நிஜமாவே ஃப்ரீயா? வாட்டர்மார்க் வராதா?"

வராது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்புக்கு மட்டும் உரிய எஃபெக்ட் எதையாவது இழுத்துப் போட்டால்தான் படத்தின் மேல் அந்த முத்திரை விழும். மற்றபடி 30 நாள் கெடு கிடையாது, இத்தனை நிமிடம்தான் என்ற கணக்கு கிடையாது, இதில் செய்த படத்தை வெளியிட்டுச் சம்பாதிக்கவும் தடையில்லை. வெளியீட்டு அளவு 4கே, அதாவது 3840க்கு 2160, விநாடிக்கு 60 ஃப்ரேம் வரை. நம் வேலைக்கு அது தாராளம்.

இலவசமாகக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம் என்றும் கேட்கிறார்கள். இதைச் செய்யும் பிளாக்மேஜிக் டிசைன் ஆஸ்திரேலியக் கம்பெனி, கேமராவும் ஸ்டூடியோ கருவிகளும் விற்பவர்கள். டாவின்சி என்பது ஒரு காலத்தில் பெரிய லேப்களின் கலர் அறையில் மட்டும் இருந்த, லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள அமைப்பு. அந்த நிறுவனத்தை 2009இல் வாங்கி, 2011இல் இலவசப் பதிப்பையும் விட்டார்கள். 2017இல் ஃபேர்லைட் என்ற சவுண்ட் பகுதி உள்ளே வந்தது, 2018இல் ஃப்யூஷன் என்ற கிராஃபிக்ஸ் பகுதி வந்தது. அதனால்தான் திறந்தவுடன் கீழே பல பக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. பயப்பட வேண்டாம், எடிட், கலர், ஃபேர்லைட், முடித்த படத்தை வெளியே எடுக்கும் டெலிவர், இந்த நாலைப் பிடித்துக்கொண்டால் ஒரு சீரிஸ் முடிந்துவிடும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், என் முதல் குறும்படத்தை நண்பன் கணினியில் கிராக் போட்ட மென்பொருளில் வெட்டினேன். கலருக்கும் மிக்ஸிங்குக்கும் சென்னைக்குப் பஸ் ஏறினேன், மணிக்கு இவ்வளவு என்று காசு. நேரம் ஓட ஓட, "சரி, போதும் சார்" என்று நானே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் படத்தில் ஒரு ஷாட்டில் அப்பா கதாபாத்திரத்தின் முகம் சாம்பல் பூசியது போல இருக்கும், இன்றைக்கும் பார்க்க மனசு வலிக்கும். இப்போது நடுராத்திரி 2 மணிக்கு ஒரு ஷாட் உறுத்தினால் எழுந்து போய்த் திருத்திவிட்டுப் படுக்கலாம். மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருந்துகொண்டு படம் எடுப்பவனுக்கு இந்த மென்பொருள் தருவது அதைத்தான்.

கணினி பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். 4கே காட்சிகளை நேராகப் போட்டால் திணறும், ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் சின்ன அளவில் நகல், செய்துகொண்டால் வெண்ணெய் மாதிரி ஓடும். ராத்திரி படுக்கப் போகும்போது ப்ராக்ஸி போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத பழைய லேப்டாப்பில் இதை முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே இலவசப் பதிப்பு, போனிலும் கேமராவிலும் சாதாரணமாக வரும் எச்.264 வகைக் கோப்புகளை எடுத்துக்கொள்ளாது, வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. முதல் எபிசோடில் ஒரு கேமரா, ஒரு போன், இரண்டையும் வைத்து எடுத்தோம். 9 நிமிடம் ஒரே ஓட்டமாக எடுத்த காட்சி, ஆரம்பத்தில் உதடும் பேச்சும் சரியாக இருந்தது, முடிவுக்கு வரும்போது பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் புரிந்தது. போனிலேயே வரும் கேமரா ஆப் ஃப்ரேம் ரேட்டை, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கை, ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும். அப்படி எடுத்தவற்றை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ரிசால்வுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டாவது எபிசோடில் இருந்து பிளாக்மேஜிக்கின் கேமரா ஆப்பில் எடுத்தோம், ஐபோனுக்கு 2023இலும் ஆண்ட்ராய்டுக்கு 2024இலும் வந்தது, அதுவும் இலவசம்தான். ஷட்டர், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் பூட்டி வைக்கலாம். ட்யூப் லைட் உள்ள கடையில் ஷட்டரை விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் படத்தில் விளக்கு துடிக்காது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். அதேபோல ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே விநாடிக்கு 24 ஃப்ரேமா 25ஆ என்று முடிவு செய்துவிடுங்கள், காட்சிகளை உள்ளே கொண்டுவந்த பிறகு அந்த எண்ணை மாற்ற விடாது.

இனி கலர். எங்கள் கடைக் காட்சிகளில் உள்ளே ட்யூப் லைட்டின் பச்சை, வாசலில் மதிய வெயில். நாயகி மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டும் ஷாட் ஒன்று இருக்கிறது, அந்தச் சேலைக்கு முதலாளி பேசும் வசனத்தில்தான் இரண்டாம் எபிசோடே நிற்கிறது. முகத்தில் விழும் பச்சையை எடுத்தால் சேலையின் பச்சையும் செத்துப்போகிறது. இங்கேதான் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனிக் கட்டமாக அடுக்கும் நோடு என்ற முறையின் அருமை தெரிந்தது. முதல் நோடில் வெளிச்ச அளவு, இரண்டாவதில் மொத்தப் படத்தின் பச்சையைக் குறைத்தேன், மூன்றாவதில் சேலையின் நிறத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, அதைச் சுற்றி விண்டோ என்ற ஒரு எல்லைக்கோடு போட்டு, இழந்த பச்சையைத் திரும்பக் கொடுத்தேன். அவள் கையை அசைக்கும்போது விண்டோவும் கூடவே போக வேண்டும், ட்ராக் பட்டனை அழுத்தியதும் சேலையைப் பிடித்துக்கொண்டு போனது. இத்தனையும் இலவசப் பதிப்பிலேயே.

முகத்தின் நிறம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நாயகி நல்ல கருப்பு. கலர் செய்ய உட்கார்ந்த முதல் நாள் என்னை அறியாமலேயே அவள் முகத்தை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தேன், பார்த்துப் பார்த்துப் பழகிய பழக்கம் அது. நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலின் நிறத்துக்கு என்று ஒரு கோடு இருக்கிறது. வெள்ளைத் தோலோ கருப்புத் தோலோ, சரியாக இருந்தால் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வந்து நிற்கும், ஏனென்றால் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகு வெளுப்பதை விட்டுவிட்டேன். கன்னத்தில் விழும் ஒளியை மட்டும் கொஞ்சம் தூக்கினேன், கருப்பு கருப்பாகவே மினுங்கியது. அவளுடைய அம்மா பார்த்துவிட்டு, "எம்பிள்ள எம்பிள்ளையாவே இருக்கா" என்றார். இந்த சீரிஸுக்கு எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

சவுண்ட்தான் இந்த மென்பொருளில் பலரும் தொடாமல் விடும் பகுதி, என் கணக்கில் இதன் பெரிய பலமும் அதுதான். யூடியூபில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த நொடி போய்விடுவார்கள். தனி ரெக்கார்டரில் பதிந்த குரலையும் கேமராவில் பதிந்த குரலையும் அலைவடிவத்தை வைத்து அதுவே பொருத்திவிடுகிறது. கடைத் தெருவில் ஆட்டோ ஹாரனும் சீலிங் ஃபேனும் விழுங்கிய வசனங்களை வீட்டில்தான் டப்பிங் செய்தோம், பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்து, ராத்திரி 11 மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு. மைக்கை இணைத்து, காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் நேராகவே பதியலாம். "இதே கலர்ல பார்டர் வேற இருக்கு, எடுத்துக் காட்டவா?" என்ற வசனத்தில் கடைசி வார்த்தை மட்டும் உதட்டை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. ஃபேர்லைட்டில் ஃப்ரேமை விடச் சின்ன அளவில்கூடக் குரலை நகர்த்தலாம், "காட்டவா"வை மட்டும் வெட்டி இம்மி இம்மியாகத் தள்ளினேன், உட்கார்ந்துவிட்டது. டப்பிங் குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது, அதற்குக் கடையில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து வைத்திருந்த வெற்றுச் சத்தத்தை அடியில் ஓடவிட்டோம். படப்பிடிப்பில் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்க மறக்காதீர்கள்.

முதல் மிக்ஸை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு பிரமாதம் என்று நினைத்தேன். அம்மா போனில் பார்த்துவிட்டு, "பாட்டுதாண்டா அலறுது, பேசுறது ஒண்ணும் கேக்கல" என்றார். பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மா மாதிரிப் போன் ஸ்பீக்கரில்தானே கேட்கப் போகிறார்கள். இசையைப் பேச்சு வரும் இடங்களில் இறக்கி, லவுட்னஸ் மீட்டரில் மைனஸ் 14 பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். யூடியூப் அதற்கு மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும், ஆனால் குறைவாக இருப்பதை ஏற்றாது.

தமிழில் டைட்டில் போடுபவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், கொம்பும் காலும் தன் இடத்தில் நிற்கிறதா என்று. நான் டைட்டில்களை இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் செய்து, பின்புலம் இல்லாத பிஎன்ஜியாக எடுத்து மேலே வைத்துவிட்டேன். கையால் வரைந்த எழுத்தும் வைக்க முடிந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது.

விளம்பரம் என்றால் எல்லாரும் படம் முடிந்த பிறகு யோசிக்கிறார்கள். ஒரே ப்ராஜெக்டில் எத்தனை டைம்லைன் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், எடிட் செய்யும்போதே நன்றாக வந்த 30, 40 விநாடித் துண்டுகளை 1080க்கு 1920 நெட்டு டைம்லைனில் போட்டுக்கொண்டே வந்தேன். ஆளைப் பின்தொடர்ந்து படத்தைத் தானே நகர்த்தும் வசதி ஸ்டூடியோவில் மட்டும்தான், இங்கே ஒவ்வொரு ஷாட்டையும் கையால் நகர்த்தி, எந்த நேரத்தில் எந்த இடம் என்று குறிக்கும் கீஃப்ரேம் போட வேண்டும், ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் எபிசோடுக்குச் செய்த கலர் அப்படியே கூட வந்துவிடுகிறது. தம்ப்நெயிலுக்குப் படப்பிடிப்பில் தனியாகப் புகைப்படம் எடுக்கத் தவறியிருந்தாலும் கவலையில்லை, கலர் பக்கத்தில் நல்ல ஃப்ரேமை நிறுத்தி ஸ்டில்லாக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில சப்டைட்டிலை எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே எடுத்து ஏற்றினோம். தெலுங்கு, மலையாளம் பேசுபவர்கள்கூடப் பார்த்துக் கருத்து எழுதினார்கள் என்றால் அந்த ஆங்கில வரிகளால்தான்.

இன்னொரு சின்ன வித்தை. நாங்கள் 1080இல் எடுத்ததையே 4கே அளவில் வெளியிட்டு ஏற்றினோம். அப்படி ஏற்றினால் யூடியூப் இன்னும் நல்ல கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறையில்) சுருக்குகிறது, இருட்டான காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவது நன்றாகவே குறையும். ஏற்றுவதற்கு முன் ஒரு முறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள், ஏனென்றால் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே லிங்கில் புதிதாக வைக்க முடியாது. எங்கள் மூன்றாவது எபிசோடில் முதல் 40 விநாடி கோயில் கோபுரமும் தெருவும்தான், யூடியூப் அனலிட்டிக்ஸில் பார்த்தால், எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு அந்த இடத்திலேயே சரிந்திருந்தது. நாலாவது எபிசோடை முதல் ஷாட்டிலேயே முதலாளியின் கோபத்தில் ஆரம்பித்தோம், கோடு நின்றது.

கரண்ட் போகிற ஊர் என்றால் செட்டிங்ஸில் ப்ராஜெக்ட் பேக்கப்பை இயக்கி வையுங்கள். வீடியோ கோப்புகள் அதில் சேராது, அவற்றை வேறு ஒரு ஹார்டு டிஸ்க்கில் தனியாக நகல் எடுத்து வைக்க வேண்டும்.

சரி, ஸ்டூடியோ வாங்கலாமா? விலை 295 டாலர், நம் காசுக்கு 25 ஆயிரத்துக்கு மேல். மாதச் சந்தா இல்லை, ஒரு முறை கொடுத்தால் போதும், இதுவரை வந்த புதிய பதிப்புகளையும் காசு கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஐந்தாவது எபிசோடில் மொட்டை மாடியில் இரவில் இரண்டு பேர் பேசும் காட்சியை ஒரே ஒரு எல்ஈடியில் எடுத்தோம், வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்துக்கொண்டிருக்கிறது. கருப்பை இன்னும் கருப்பாக அமுக்கி ஓரளவுக்கு மறைத்தேன், நடிப்பு நன்றாக இருந்ததால் தப்பித்தோம். அடுத்த சீரிஸில் பாதிக் கதை ராத்திரியில்தான் நடக்கிறது, நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டு ஸ்டூடியோ வாங்கலாம் என்றுதான் பேசினோம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காசில் முதலில் இரண்டு நல்ல விளக்குகள் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.