ஜீரோ கலோரி பாட்டில்ல எது நிஜமாவே ஜீரோ? ஸ்ப்ரே, மஸ்டர்ட், ஹாட் சாஸ், ஸ்வீட்னர்

அமெரிக்காவுல இருக்கறவங்களுக்குத்தான் இது முக்கியம், ஏன்னா அங்க எஃப்டிஏ (உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) விதிப்படி ஒரு சர்விங்ல, அதாவது லேபிள்ல ஒரு தடவைக்குன்னு போடற அளவுல, 5 கலோரிக்கு கம்மியா இருந்தா லேபிள்ல 0னு போட்டுக்கலாம், சர்விங் சின்னதா இருந்தா எண்ணெயே ஜீரோ கலோரி ஆயிடும், அதுவும் சட்டப்படியே.

அந்த எண்ணெய் ஸ்ப்ரேல இருந்தே ஆரம்பிக்கலாம், இருக்கறதுலயே பெரிய கில்லாடி அதுதான். பாம் (PAM)ங்கற பிராண்ட் மாதிரி டப்பால சர்விங் எவ்ளோன்னு பாருங்க, கால் செகண்ட் ஸ்ப்ரேனு இருக்கும். கால் செகண்ட்ல யாருங்க கைய எடுக்கறாங்க? எடை பாத்தா கால் கிராம், எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, அப்போ 2 கலோரிக்கு மேல வருது, லேபிள்ல 0. தோசைக்கல்லுல 3 செகண்ட் அடிச்சீங்கன்னா கிட்டத்தட்ட 25 ஆச்சு, நாலு தோசைக்கு 100. ஆனா ஒரு டீஸ்பூன் எண்ணெயே 40 கலோரி, அதனால அளவா அடிச்சா ஸ்ப்ரேதான் லாபம். 5 செகண்ட் அமுக்குறவரா இருந்தா பேசாம எண்ணெயே ஊத்திக்கலாம், ருசியாவது இருக்கும்.

மஞ்சள் மஸ்டர்டும் ஹாட் சாஸும் பாவம், இதுங்க மேல சந்தேகமே வேணாம். மஸ்டர்ட் ஒரு டீஸ்பூனுக்கு 3 கலோரி சுமார், டபாஸ்கோ மாதிரி சாஸ்ல 1 கூட வராது. மயோனைஸ் ஒரு டேபிள்ஸ்பூன் 90க்கு மேல போறப்போ மஸ்டர்ட கணக்கு பண்றது வேண்டாத வேலை.

ஸ்வீட்னர் பாக்கெட் கொஞ்சம் சுவாரசியம். அதுல இனிப்பு குடுக்கற சுக்ரலோஸ் சர்க்கரையவிட 600 மடங்கு இனிப்பு, துளி போதும், ஆனா துளிய பாக்கெட்ல போட்டு விக்க முடியாதுல்ல, அதனால டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்னு நிரப்பறாங்க, அது ரெண்டுமே கலோரி இருக்கற கார்ப்தான் (மாவுச்சத்து). 1 கிராம் பாக்கெட்ல 3 கலோரி சொச்சம். அதே இனிப்புக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை போட்டா 32, அதனால காபிக்கு தாராளமா போடுங்க. மாட்டிக்கறது கேக் பண்றப்போதான், ஸ்ப்லெண்டாங்கற பிராண்டோட சுக்ரலோஸ் பொடி டீஸ்பூனுக்கு 0னு போட்டிருந்தாலும் ஒரு கப்ல 96 கலோரி இருக்கு (சர்க்கரைன்னா ஒரு கப் 770, அதையும் சொல்லிடணும்). நிரப்பி எதுவும் இல்லாத லிக்விட் ட்ராப்ஸ் மட்டும்தான் ஜீரோங்கற பேருக்கு ஏத்த மாதிரி இருக்கு.

இங்கிலாந்துல இந்த வித்தை அவ்ளோ சுலபமா நடக்காது. அங்க 100 மில்லிக்கு எவ்ளோன்னு கட்டாயம் போடணும், அதனால ஃப்ரைலைட் ஸ்ப்ரேல ஒரு ஸ்ப்ரேக்கு 1 கலோரினு பெருசா போட்டிருந்தாலும் பின்னாடி 100 மில்லி கணக்க பாத்தா எண்ணெய்னு தெரிஞ்சுடும். அமெரிக்க டப்பால அந்த 100 மில்லி கணக்கு இல்ல.

அதுக்கு ஒரு வழி இருக்கு, கிச்சன் ஸ்கேல்ல டப்பாவ சமைக்கறதுக்கு முன்னாடி வைங்க, சமைச்சப்புறம் வைங்க, எத்தனை கிராம் கொறஞ்சுதோ அத 9ஆல பெருக்குங்க. ஸ்வீட்னர் பொடின்னா 4ஆல. மஸ்டர்டுக்கெல்லாம் ஸ்கேல எடுக்காதீங்க.